தழும்புக் கணக்கு

மேட்டுக்காணி, ஒரு ஏக்கர்.
வயல்காணி என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது.
குறுக்கே கோடு இழுத்தேன்.
குளத்துக்குக் கீழே தண்ணி பாயும் நிலமெல்லாம்
முந்தி வந்தவைக்கு.

நாங்கள் எழுபத்தேழில் லொறியில் வந்தோம்,
புசல்லாவையிலிருந்து,
ஒரு அம்மியும் இரண்டு கம்பளியும்.
முதிரையடிக்குளத்து வெக்கையில்
கம்பளியை என்ன செய்வது?
அப்பா அதைக் கிழித்து
விறகு சுமக்கச் சும்மாடாக்கினார்.
காடு வெட்டினார்.
அப்போது பெர்மிட் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை,
இரவில் வந்த யானை மட்டும் கேட்டது.

காணி உத்தியோகத்தர் நல்ல பிள்ளை.
நிரூஜன் என்று பெயர்.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் முற்றத்தில் கால் வைத்தார்.
"எத்தனை வருசமா இருக்கிறியள் அம்மா,
அத்தாட்சி ஏதும் கிடக்கோ?"

பதிவுத்துண்டு ஏழாவது இடப்பெயர்வு வரைக்கும் இருந்தது.
எட்டாவதில் பெட்டியே இல்லை.
பங்கீட்டு அட்டையைக் கறையான் தின்ற கதை
அவருக்கு ஏற்கெனவே வேறு வீடுகளில் சொல்லியிருப்பார்கள்.
நான் அவரைத் தென்னையடிக்குக் கூட்டிப்போனேன்.

வருசத்துக்குப் பன்னிரண்டு மட்டை விழும்.
விழுந்த இடத்தில் தழும்பு.
பெருவிரலால் ஒவ்வொன்றாய் அமத்தி
வாய்க்குள் எண்ணிக்கொண்டு போனார்.
கைக்கு எட்டாததைத் தடியால் அளந்து பெருக்கினார்.
முந்நூற்று இருபத்துநாலு.
இருபத்தேழு வருசம்.
தண்டு வைக்க முந்தி நாலு வருசம் என்று
நான் கேளாமலே கூட்டிப் போட்டார்.

"அதுக்குப் பிறகு?"

அதுக்குப் பிறகு வட்டு இல்லை.
மாசி மாதம், விடியப்புறம்,
ஷெல் வந்து வட்டோடு கொண்டுபோயிற்று.
உச்சியில் இப்போது கிளிப் பொந்து.
அண்ணாந்து கன நேரம் பார்த்தார்.
பேனையைத் திறந்தார், மூடினார்,
என்ன எழுதினார் என்று காட்டவில்லை.

பின்னுரித்தாளி யாரென்று கேட்டார்.
மகள் பெயரைச் சொன்னேன், கௌசிகா.
வவுனியாவில் தையல் ஆலையில் நிற்கிறாள்.
காணி வேண்டாம், காசாக அனுப்பு என்பாள்.
அந்தக் கதை படிவத்துக்கு வேண்டாம்.

மற்ற மரம் வேலிக்கு அப்பால் நின்றது.
விடத்தல்.
நாங்கள் முகாமில் கம்பிக்குள் வரிசையில் நின்ற காலம்
அது என் காணியில் வளர்ந்திருக்கிறது.
திரும்பி வரும்போது தொடைப் பருமன்.
வன இலாகாக்காரர் அதையும் அளந்தார்கள்,
நாடா வைத்து,
தங்கள் தாளில் எழுதினார்கள்:
இது காடு.
அரை ஏக்கரைப் பிரித்து மஞ்சள் பூசிய கல் நட்டார்கள்.

அப்பா வெட்டின முதற்காடு
பாலையும் முதிரையும். அதைக் கண்டவர் ஒருவருமில்லை.
வெட்டினவரைக் கூப்பிடலாம் என்றால்
அவரைப் புதைத்த இடம்
கல்லுக்கு அந்தப் பக்கம்.

நிரூஜன் நிழலில் நின்று இளநீர் குடித்தார்.
திரும்பி வந்து நட்ட கன்று,
குள்ள இனம், இந்த வருசம்தான் முதற்குலை.
கோம்பையைக் கையில் வைத்தபடி
"ரெண்டு மரமும் உண்மைதானே அம்மா" என்றார்.
நான் கோம்பையை வாங்கி
மாட்டுக்குப் போட்டேன்.

அடுத்த தவணை தையில்.
மழை தைக்காகக் காத்திருக்காது.
கச்சான் உடைத்து வைத்திருக்கிறேன், மூன்று கொத்து.
நாளைக்கு விடத்தலைச் சுற்றிக் கொத்தி
அந்த அரை ஏக்கரிலும் போடுவேன்.

மஞ்சள் கல்லில் ஆட்டைக் கட்டியிருக்கிறேன்.
நல்லாய் ஆழ ஊன்றியிருக்கிறார்கள்.
கிடாய் என்ன இழுவை இழுத்தும்
அசையவில்லை.