பக்கம் நூற்று நாற்பத்தொன்று

உகாய் கனாயேவை நேரில் பார்த்தது மூன்றே முறை.
கையெழுத்தை என்றால் இருபத்திரண்டு ஆண்டுகளாக.

ஜிம்போசோவில், கறிச்சோற்றுக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
எனக்குச் சம்பளம் சந்தேகப்படுவதற்கு.
பென்சிலால், விளிம்பில், பணிவாக:
"88. முழுநிலவு என்கிறீர்கள்.
பஞ்சாங்கப்படி அன்று தேய்பிறை ஒன்பதாம் நாள். இருக்கட்டுமா?"
"93. பாதரசம் மைனஸ் முப்பத்தொன்பதிலேயே உறைந்துவிடும்.
ஐம்பத்தொன்றைக் காட்டியது எது?"

பதில்கள் சிவப்பு மையில் வரும்:
"நிலா பெரிதாகத்தான் இருந்தது. போகட்டும், வெட்டிவிடுங்கள்."
"சாராய வெப்பமானி. உடைத்துக் குடித்துவிடலாமா
என்றுகூட ஓரிரவு யோசித்தேன். அதைச் சேர்க்க வேண்டாம்."

முதல் நூல் அது. உறைந்த இந்திகிர்கா ஆற்றின்மேல்
அறுநூற்றுப் பத்து கிலோமீட்டர்.
அட்டையைச் சுற்றிய காகிதப்பட்டையில் இரண்டே சொல்:
தனியாக. நடந்தே.
நாலாயிரம் அச்சடித்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் விற்றது.
மிச்சம் கூழாயிற்று.

பிறகு ஹாச்சினோஹேத் துறைமுகத்தில் கணவாய் தரம்பிரித்தார்,
இரண்டு குளிர்காலம், ஒரு பயணச்சீட்டுக்காக.
தக்லமகானில் வற்றிய கிணறுகளை எண்ணிய நூல்.
படகோனியாப் பனியில் இடக்கால் விரல் இரண்டை
விட்டுவிட்டு வந்த நூல்
(அதற்குப் பரிசு கிடைத்தது. விரலுக்கா நூலுக்கா என்று
மேடையிலேயே கேட்டாராம்).
அப்புறம் தொலைக்காட்சி.
ஆயுள்காப்பீட்டு முகவர்களுக்கு ஒன்றரை மணிநேரம்
அச்சத்தை வெல்வது எப்படி என்ற உரை,
அந்தப் பணத்தில் முதுகுத்தண்டுக்கு வைத்தியம்.
ஐந்தாம் நூலில் வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன.
மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.
அதற்கெல்லாம் விளிம்பில் கேள்விக்குறி போட முடியாது.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே கிடந்தது,
செருப்புக்குள் மணல் மாதிரி.
முதல் நூல், 141:
"குடிலில் என்னைத் தவிர யாருமில்லை."
நான்கு வரி தள்ளி, அடுப்பருகே இரண்டு கோப்பை.
"இரண்டு?" என்று எழுதினேன்.
"ஒன்று. திருத்தவும்" என்று வந்தது.
திருத்தினேன்.
முரண்பாட்டை நீக்கத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.
கூடவே என்ன போயிற்று என்று கேட்கச் சொல்லவில்லை.

இந்த மே மாதம், கையடக்கப் பதிப்புக்காக
அதே நூல் மறுபடி என் மேசைக்கு வந்தது.
141இல் சிவப்பு மை: "இரண்டு."
கீழே பதினோரு வரி, எழுத்து நடுங்க.
நியுர்குன் என்றொரு லாரி ஓட்டுநர்.
அவர் கழற்றித் தந்த மான்தோல் காலணி.
பனிச்சாலையில் எழுபது கிலோமீட்டர்
அவர் வண்டியில் வாய் பிளந்து உறங்கியது.
இறக்கிவிடும்போது அவர் பாடியது,
அல்லது திட்டியது. மொழி தெரியாது.

அறுநூற்றுப் பத்தில் எழுபது போனால் ஐநூற்று நாற்பது.
முன்னுரை, வரைபடம், பின்னட்டை,
தேடித்தேடித் திருத்தினேன்.
பட்டையில் ஒரு சொல்லை எடுப்பதா இரண்டையுமா என்று
விற்பனைப் பிரிவு ஒரு வாரம் கூடிக்கூடிப் பேசியது.
பரிசைத் திருப்பிக் கேட்பார்களோ என்றார் ஒருவர்.
அது வேறு நூலுக்கு, பயப்படாதீர்கள் என்றேன்.

நான் விளிம்பில் எழுதியது இவ்வளவே:
"காலணியைத் தந்தவர் எதைப் போட்டுக்கொண்டு திரும்பினார்?
பெயர் அச்சாவதில் அவருக்குச் சம்மதமா?"

இருபத்தாறு நாள் பதில் இல்லை.
பிறகு ஓர் அஞ்சலட்டை. மகதான் முத்திரை.
"உங்கள் முதல் கேள்வி எனக்கு இத்தனை வருடமும்
தோன்றவேயில்லை. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.
இங்கே இப்போது குளிர் இல்லை. கொசு.
அச்சை நிறுத்திவையுங்கள்."

நிறுத்திவைத்திருக்கிறோம்.
அச்சகத்தார் தினமும் தொலைபேசியில் கத்துகிறார்கள்.
முத்திரையிலிருந்த தேதியையும் கிழமையையும்
நாட்காட்டியோடு ஒத்துப்பார்த்தேன், பழக்கதோஷம்.
சரியாகத்தான் இருக்கிறது.