ரீடிங் எடுக்க வந்தவன்

இந்த ஞாயித்துக்கிழமையும் அதே படம்தான்.
எட்டாவது மாடியில நான் பூண்டு உரிக்கிறேன்,
டிவியில ஏகாம்பரம் பனிமலையில விழுறான்.
காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு,
கக்கத்துல கரண்ட் ஆபீஸ் நோட்டு.
எந்த ஏரோப்ளேன்ல மாறி ஏறினான், ஏன் ஏறினான்,
படத்துலயே சரியாச் சொல்லல.
யாரும் கேட்டதும் இல்ல.

மலைக்கூட்டத்துத் தலைவன் ஈட்டியத் தூக்கி
யாருடா நீன்னு கத்துறான்.
இவன் மூக்கத் தொடச்சிக்கினு,
"ரீடிங் எடுக்க வந்தேன் சார்.
பெட்டி எங்க இருக்கு?"

ஏழாவது மாடி சிரிக்குது.
அஞ்சாவது மாடி கொஞ்சம் பிந்திச் சிரிக்குது,
அவங்களுக்கு வேற கேபிள்.
பக்கத்து பிளாக்ல யாரோ
வசனத்துக்கு முன்னாடியே சிரிச்சிட்டாங்க.

மூணாவது மாடி இன்பராஜ் காலேஜ் படிக்கிற பையன்.
"இது தண்ணிய விட்டு வெளிய வந்த மீன் கதக்கா,
உலகம் பூரா எடுக்கிறாங்க"ன்னான்.
யாருகிட்ட சொல்ற தம்பி?
சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுல
இருபத்தாறு வருஷம் நான் வெட்டாத மீனா?
வஞ்சிரம் வரும்போதே ஐஸ்ல வெறச்சி வரும்.
கெளுத்தி வாலால பலகைய அடிக்கும்.
விரால் மட்டும் ரொம்ப நேரம்
நம்மளையே மொறச்சிக்கினு கிடக்கும்.
ஒண்ணுகூட நோட்ட விரிச்சி
இந்த மலை எத்தன யூனிட்னு கேட்டதில்ல.

அந்தப் பனிகூட உப்புதான்.
சாலிகிராமத்துல ஏதோ ஷெட்டுல
நாலு லோடு கல்லுப்பு கொட்டினாங்களாம்.
எங்க மார்க்கெட்டுக்கு உப்பு போடுற இருசப்பன் சொன்னான்,
நான்தான் சப்ளைன்னு.
இருசப்பன் சொல்றதுல பாதி பொய்.
ஆனாலும் பாரு,
அவ்ளோ உப்புல புரண்டும்
கருவாடா ஆவாம திரும்பி வந்தவன்
ஏகாம்பரம் ஒருத்தன்தான்.

எங்கள லாரியில ஏத்தி
பெரும்பாக்கத்துல இறக்கிவிட்ட அன்னைக்கு
லிப்டுல பதினோரு பேரு,
ஆட்டுக்கல்லு ஒண்ணு, கோழி ஒண்ணு.
எந்த பட்டன அமுக்கறதுன்னு தெரியாம
தெய்வானை எல்லாத்தையும் அமுக்கிட்டா.
நடுவுல நின்னுச்சி. கரண்டு போச்சி.
இருட்டுல ஒருத்தர் மூச்சு ஒருத்தர் மேல.
கொழந்த அழ ஆரம்பிக்கச்சொல்ல
யாரோ, இன்னைக்கு வரைக்கும் யாருன்னு தெரியல,
மெதுவா சொன்னாங்க:
"ரீடிங் எடுக்க வந்தேன் சார்."

நாப்பது நிமிஷம் கழிச்சிக் கதவத் தொறந்த ஆளு
உள்ள யாருக்கோ வலிப்புன்னு நெனச்சிட்டான்.
கோழிகூட சிரிச்சிதுன்னு தெய்வானை சத்தியம் பண்ணுவா.

இன்பராஜுக்குத் தெரியாதது என்னன்னா,
எல்லாரும் கடைசி சீனுக்குத்தான் காத்திருக்கோம்.
பொக்கிஷம், துரத்தல், கவுறு பாலம்
எல்லாம் முடிஞ்சி
மூணு மாசத்துக்கப்புறம் ஏகாம்பரம் சைதாப்பேட்டைக்கு வர்றான்.
வீட்டப் பூட்டு தொறக்கறதுக்கு முன்னாடி
பழக்கதோஷம், சொந்த மீட்டரப் பாக்கறான்.
எட்டு யூனிட் ஓடியிருக்கு.
நோட்டுல எழுதறான். யோசிக்கிறான்.
படம் முடிஞ்சிது.

யாரு இருந்தா அந்த வீட்டுல?
பேய்னு ஒருத்தர், பொண்டாட்டின்னு ஒருத்தர்,
அடுத்த பாகம் வரும்னு இன்பராஜ்.
இத வெச்சி படிக்கட்டுல சண்டையே நடந்திருக்கு.
என்னைக் கேட்டா,
கெளம்பும்போது லைட்ட அணைக்க மறந்துட்டான்.
அவ்ளோதான்.
அவன் பனியில நடந்த நாளெல்லாம்
இங்க ஒரு குண்டு பல்பு எரிஞ்சிக்கினு இருந்திருக்கு.

எங்க வீட்ட இடிக்க வந்த அன்னைக்கு
மொதல்ல மீட்டரத்தான் கழட்டினாங்க.
கடைசி நம்பர் என்னன்னு கேட்டேன்.
பேப்பர்ல வரும்மா, தள்ளுன்னான் அந்தாளு.

விளம்பரம் முடிஞ்சிது.
வஞ்சிரத்துக்கு மசாலா தடவின கையோட
சவுண்டக் கூட்டுறேன்.
அஞ்சாவது மாடிக்கு முன்னாடி
நான் சிரிக்கணும்.