கட்டாயம் நிரப்ப வேண்டியவை

யஷ்வந்த்பூர் சைபர் கடையில் மணிக்கு முப்பது ரூபாய்.
உதவித்தொகைப் படிவத்தின் நான்காம் கட்டத்தில்
இருபது நிமிடமாக உட்கார்ந்திருக்கிறேன்.

குடியுரிமை என்கிறது.
பக்கத்தில் சிவப்பாய் ஒரு நட்சத்திரம்.
அம்புக்குறியைத் தொட்டால் கீழே இரண்டு விழுகின்றன:
இந்தியர்.
வெளிநாட்டவர்.

முதலாவதைத் தொட்டால் பொய்.
இரண்டாவதைத் தொட்டால்
பாஸ்போர்ட் எண் கேட்கிறது, விசா எண் கேட்கிறது,
இந்தியாவுக்குள் நுழைந்த தேதி கேட்கிறது.

நுழைந்தது
பொன்னேரி அரசு ஆஸ்பத்திரி வழியாக.
ஐப்பசி, நல்ல மழை, கரண்ட் இல்லை,
இரண்டு கிலோ நானூறு.
இதையெல்லாம் எழுத
மூன்று சின்னப் பெட்டிகள்தான் இருக்கின்றன.

காலையில் கல்லூரி அலுவலகத்தில்
வனஜாட்சி மேடம், நல்ல மனுஷி,
"சுகிர்தா... யாவ ஊரு?" என்றார்.
கும்மிடிப்பூண்டி என்றேன்.
"தமிழ்நாடுதானே, அப்புறமென்ன" என்று சிரித்தபடி
என் அட்டையைத் திருப்பினார்.
ஊருக்குப் பின்னால் இன்னொரு சொல் இருந்தது: முகாம்.
சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெளிநாட்டுக் கோட்டா என்றால் டாலரில் கட்ட வேண்டும் என்பதை,
நகைக்கடையில் விலை மட்டும் கேட்க வந்தவளிடம் சொல்வதுபோல்
மெதுவாகச் சொன்னார்.

வரிசையில் எனக்குப் பின்னால் ஜோயல்.
மஸ்கட்டில் பிறந்து மஸ்கட்டில் வளர்ந்து
போன ஜூனில்தான் முதல்முறையாக மழையில் நனைந்தவன்.
இந்தியன்.
நான் இலங்கையை
வானிலை அறிக்கையில் பார்த்திருக்கிறேன்,
காற்றழுத்தத் தாழ்வுக்குப் பக்கத்தில்
பெயர் போடாத துண்டாக.

அப்பா சர்ஜாபூர் ரோட்டில் பெயின்ட் அடிக்கிறார்.
பதினாலாவது மாடிக்கு வெளியே கயிற்றில் தொங்குகிறவரை
எந்த நாடென்று எவரும் கேட்டதில்லை.
இறங்கி வந்து வாடகைக்கு அறை தேடினால் கேட்பார்கள்.
மதியம் போன் செய்தார்:
"என்ன பிள்ளை, காசு தருவினமாமோ?"
நெட் ஸ்லோ அப்பா என்றேன்.
அவரோடு கதைக்கிறேன், தோழிகளோடு பேசுகிறேன்,
கண்டக்டரிடம் மாத்தாடுகிறேன்.
மூன்றிலும் சரியான சில்லறை வாங்கிவிடுவேன்.

போன செமஸ்டரில்
இன்டர்னல் தேர்வு நாளும் முகாம் தணிக்கை நாளும் ஒன்றாய் விழுந்தன.
ஆள் நேரில் நிற்காவிட்டால் பணக்கொடை வெட்டு.
ராத்திரி ரயிலேறிப் போய்
வெயிலில் நின்று கையைத் தூக்கி
இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.
இங்கே பேரேட்டில்
இல்லை என்று போட்டிருந்தார்கள்.

இருபத்தெட்டாவது நிமிடம்.
கடைப்பையன் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டான்.

வெளிநாட்டவர். தொட்டேன்.
நுழைந்த தேதியில் பிறந்த தேதி.
பாஸ்போர்ட் பெட்டியில் ஒரு புள்ளி வைத்தேன்,
'க'வின் தலையில் வைத்தால்
உயிரை எடுத்துவிட்டு
மெய்யை மட்டும் விட்டுவைக்கிற அதே புள்ளி.
விசாவுக்கும் ஒன்று.

இரண்டு விநாடி சுற்றியது.
ஏற்றுக்கொண்டது!
பதினொரு இலக்கத்தில் ஓர் எண் வந்தது.
நிலை: பரிசீலனையில்.

கிடைக்காது, தெரியும்.
ஏதோ ஒரு மேசையில் யாரோ ஒருவர்
அந்தப் புள்ளியைத் தூசி என்று நினைத்து
திரையை விரலால் துடைத்துப் பார்ப்பார்.
அதுவரைக்கும் போகட்டும்.

"கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?"
கலர் பத்து ரூபாய். கையில் பஸ்ஸுக்குப் போக ஐந்துதான்.

கறுப்பு வெள்ளையில்
நட்சத்திரங்களும் கறுப்பாகவே வந்தன.