மருந்து

களையைச் சாகடிப்பதற்கு
எங்கள் தோட்டத்தில் பெயர் மருந்து.
முதுகில் பதினெட்டு லிட்டர் தோம்பு.
பகாவ் தாண்டி ஏழாவது மைலில்
விடிவதற்கு முன்னே பெரட்டு.
பெயர் கூப்பிட்டு முடித்ததும்
கிராணி செகநாதன் மேசையில்
கெட்டிப்பால் டின்களை அடுக்குவார்.
மருந்தடிக்கும் பெண்ணுக்கு மாதம் நாலு.
டின்னுக்கு ஒரு கையெழுத்து.
"குடிச்சிடு தவக்கொடி,
உள்ளே போன விஷமெல்லாம் முறிஞ்சிடும்."

பதினோரு வருஷம் குடித்தேன்,
வெந்நீரில் கரைத்து, வெறும் வயிற்றில்,
கண்ணை மூடிக்கொண்டு,
தீர்த்தம் மாதிரி.

நடுவில் ஆந்தை வந்தது.
எலி பிடிக்கவென்று கம்பெனியே
செம்பனைக்கு நடுவே கம்பம் நட்டு
பெட்டி மாட்டியது.
முதல் ராத்திரி அது கிறீச்சிட்டபோது
லயத்தில் ஒரு விளக்கும் அணையவில்லை.
காலையில் வேலாயி வீட்டுக் கிழட்டு நாய்
விறைத்துக் கிடந்தது.
வேறு சாட்சி எதற்கு?
பதினாறு பேர் ஆபீசுக்குப் போனோம்.
மானேஜர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.
ஒரே சொல் சொன்னார், மலாயில்:
தஹ்யுல்.
மூடநம்பிக்கை.

அவர் சொன்னது சரிதான்.
ஆந்தை கத்திய ராத்திரிக்கெல்லாம்
என் மகள் காலண்டரில் புள்ளி வைத்தாள்.
வருஷக் கடைசியில் நாற்பத்தொரு புள்ளி.
சாவு ஒன்று.
அதுவும் லோரி மோதி,
பட்டப்பகலில்.

என் வலது கட்டைவிரல் நகம்
முதலில் மஞ்சளித்தது.
பிறகு குறுக்கே வெள்ளையாய் ஒரு கோடு.
பிறகொரு மதியம்
சோறு பிசையும்போது கழன்று வந்தது.
வலிக்கவே இல்லை.
மீன் செதில் என்று நினைத்து
தட்டோரம் ஒதுக்கி வைத்தேன்.

கிளினிக்கில் டாக்டர் நோர்ஹயாத்தி கேட்டார்:
"கைக்கு என்ன போடுகிறீர்கள்?"
கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்,
"பால் குடிக்கிறேன்."
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.
"பால் வயிற்றுக்குப் போகிறது, அக்கா.
மருந்து தோல் வழியாக வருகிறது.
எந்தச் சந்தியில் இரண்டும் சந்திக்கும்?"
அவர் கொடுத்த சீட்டில்
சவர்க்காரம் இருந்தது. கையுறை இருந்தது.
காற்றுக்கு எதிரே அடிக்காதே என்று இருந்தது.
வேலைச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு
ஊறவைக்காதே என்று இருந்தது.
திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கத்திலும் பால் இல்லை.

பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டேன்.
ஐந்நூற்று இருபத்தெட்டு டின்.
அத்தனை கையெழுத்து.
ஆந்தையை நம்பியதற்கு
நாங்கள் எங்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

அடுத்த மாதம் ரெஜிஸ்டரில்
'விஷ முறிவுக்கு' என்று அச்சடித்திருந்ததை
ஒரு கோடு இழுத்து அடித்தேன்.
மேலே எழுதினேன்: தேத்தண்ணிக்கு.
பால் என்ன பாவம் செய்தது?
டின்னை எடுத்துக்கொண்டு கையுறை கேட்டேன்.
செகநாதன் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
அதற்கு ஒரு கட்டமே இல்லை.

மூன்று வாரம் கழித்து வந்தது.
இரண்டும் இடது கை.
ஒன்றைத் திருப்பி மாட்டிக்கொண்டு போகிறேன்;
கட்டைவிரல் தப்பான பக்கம் துருத்தி நிற்கிறது.
இப்போது என் நிரை
ஆந்தைப் பெட்டிக்கு நேர் கீழே.
உண்மையைச் சொன்னால்,
இன்னும் மூன்று தடவை துப்பிவிட்டுத்தான்
அதைக் கடக்கிறேன்.

அதனால் என் நகம் எதுவும்
விழுந்ததில்லை.