முதல் இரண்டு சுற்று

ஃபேரர் பார்க் காப்பிக்கடை மாடியில்
நான்கு அணிக்கும் ஒரே நீள மேசை.
எங்கள் முறை வரும்போது
நடத்துநர் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு
அடுத்த அணியைப் பார்க்கிறார்.
நான் ஐஸ் மைலோவைக் கலக்குகிறேன்.
கலக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

இரண்டு சுற்றுக்கு எங்களுக்கு வாய் கிடையாது.
அதுதான் தண்டனை.
பந்து நீள்வட்டம், மைதானம் நீள்வட்டம்,
விதிப்புத்தகம் மட்டும் நேர்கோடு.

போன ஆண்டு அரையிறுதியன்று
வெய் ஜியேவுக்குத் தோள் இறங்கியிருந்தது.
பெர்த்திலிருந்து மூன்று நாள் வேலையாக வந்த ஒருவன்
காலணி சகிதம் வேலியோரம் நின்றான்.
ஆட்டக்காரர் தாளில்
டான் வெய் ஜியே என்று எழுதியது
இந்தக் கைதான்.
நாலு கோல் போட்டான். ஜெயித்தோம்.
பிறகு யாரோ எடுத்த படத்தில்
வெய் ஜியேவின் கெண்டைக்காலில்
ஒரே இரவில் ஒரு சுறாமீன் முளைத்திருந்தது.

எழுதியவன் நான்,
தண்டனை பட்டியலுக்கு.
என்னை யாரும் நீக்கவில்லை.
செயலாளர் வேலைக்கு வேறு ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

தெம்பனிஸ் அணி எழுந்து
"ஹஃபீஸ், உட்லண்ட்ஸ்" என்றது.
தேசிய சேவை முடித்து ஒரு மாதம் ஆன பையன்.
ஓடிக்கொண்டே குனியாமல் பந்தை அள்ளுவான்.
அவனை முதலில் கண்டவன் நான்.
மூன்று வாரம் மனைவியிடம்கூடச் சொல்லாமல்
அடைகாத்தேன்.
இரண்டே சொல்லில் பறந்துவிட்டான்.

மூன்றாம் சுற்றில் வாய் வந்தபோது
கேட்க ஆள் இல்லை.
நடுவட்டத்தில் எம்பிப் பந்தைத் தட்ட
ஒரு நெட்டையன் வேண்டும்.
நெட்டையர்கள் மிச்சம் கிடப்பதில்லை,
மாற்றித்தான் வாங்க வேண்டும்.
மெர்வின் ஓலிவேரோ ஒரு காகிதக் கைக்குட்டையை
மேசைமேல் என் பக்கம் நகர்த்தினார்:
ஆறடி ஐந்தங்குலம் ஒன்று.
அதற்கு இளம்பரிதியும்
எங்கள் அடுத்த ஆண்டு இரண்டாம் சுற்றும்.

பட்டியலைத் திறந்தேன்.
இளம்பரிதி. முப்பத்தொன்று. இடது கால்.
முழங்கால் சுமார்.
துவாஸ் கப்பல் பட்டறையில் இரவு வேலை முடித்து
முதல் ரயில் பிடித்து நேரே மைதானம் வருவதும்,
மின்னல் எச்சரிக்கை விளக்கு எரியும்போதெல்லாம்
கூரைக்கடியில் ஒதுங்கிய எதிரணிக்கும் சேர்த்துப்
புரோட்டா பிய்த்துத் தருவதும்
எழுத அதில் கட்டம் இல்லை.
கட்டம் போட்டவனும் நானே.

கையெழுத்திட்டேன்.
மைலோ தண்ணீராகியிருந்தது.

படிக்கட்டில் நின்று செய்தி தட்டினேன்.
அழித்தேன்.
"அணியின் நலன் கருதி" என்று ஒரு முறை,
அதையும் அழித்தேன்.
கடைசியில் விஷயத்தை மட்டும் அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி.
வெகுநேரம் கழித்து:
"சரிண்ணே. அவங்க பயிற்சி எந்த எம்ஆர்டி?"

ஏப்ரல், முதல் ஆட்டம்.
மழை விட்ட புல், ஊறிய பந்து.
எங்கள் நெட்டையன் எம்புகிறான்,
ஒவ்வொரு முறையும் ஜெயிக்கிறான்.
மேகத்தில் கை வைத்தவன் போல் தட்டிவிடுகிறான்.
அது இடப்பக்கம் நாலடி தள்ளி விழும் என்று
அந்த மைதானத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும்.
அவன் அங்கேதான் நிற்கிறான்,
ஆறு வருடமாக நின்ற அதே இடத்தில்,
வேறு சட்டையில்.

அள்ளினான். சுழன்றான். இடது கால்.
பந்து சாய்ந்து சாய்ந்து போய்க்
கோல் கம்பத்தில் பட்டு அதிர்ந்தது.
கம்பத்தில் பட்டால் ஆறு இல்லை, ஒன்று.

"ச்சே" என்றேன்.
பக்கத்தில் பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தார்.
புள்ளித் தாளில் குனிந்துகொண்டேன்.
ஒன்று என்று எழுதினேன்,
இந்த முறை
சரியான பெயருக்கு நேரே.