பிடி

நள்ளிரவு கழிந்ததும் பாசலின் ட்ராம்கள்
டிப்போவுக்குள் வந்து படுத்துவிடும்.
பதினாலாம் நம்பரின் கைப்பிடிகளை
நான் துடைத்துக்கொண்டு போவேன்.
மேலே ஒரு ஸ்டிக்கர்: ஃபெஸ்ட்ஹால்டன்.
நாலு வருடம் அதை எழுத்தென்று பார்க்கவில்லை,
அழுக்கென்றுதான் பார்த்தேன்.

பிறகு வழக்கறிஞரின் கடிதம் வந்தது.
பதினேழு வரி.
எனக்குத் தெரிந்த சொல் சுகிர்தமலர் மட்டும்.
உந்தர்ஹால்ட் என்று ஒன்று,
ஆஃபென்ட்ஹால்ட் என்று ஒன்று.
தேநீர் இடைவேளையில் இரண்டையும்
மீனைப்போல் செட்டை கழித்து, வால் நறுக்கினேன்.
நடுவில் ஒரே முள்.
ஹால்ட்.
தலைக்கு மேல் நாலு வருடமாய்த் தொங்கியது.

பிடி.

கீழிருந்து பிடித்தால் ஜீவனாம்சம்,
மேலே பிடித்தால் விசா.
அன்றிலிருந்து எங்கும் குத்தியது அந்த முள்.
ஊறுகாய்ப் போத்தலின் உள்ளே இருந்தது.
மகனின் பள்ளி ரிப்போர்ட்டில்
நடத்தை என்ற கட்டத்தில் இருந்தது
(அவனுக்கு அதில் புள்ளி குறைவு).
பொறுத்துக்கொள் என்பதற்குக்கூட
அவுஸ்ஹால்டன் என்கிறார்கள்,
கடைசிவரை பிடித்துக்கொண்டு நில் என்று.

சிரிப்பு வந்தது. நாங்கள் மட்டும் என்னவாம்?
சம்பளத்தில் பிடித்தம்.
என் குணம் பிடிவாதம்.
பிடியாணைக்குத் தப்பி வந்த ஒருவன்தான்
என்னைக் கைப்பிடித்தவன்.

நீதிமன்றத்தில் காரணம் கேட்டார்கள்.
பிடிக்கவில்லை என்றேன்.
மொழிபெயர்க்க வந்தவள் நல்ல பிள்ளை.
ஐஸ்கிரீம் பிடிக்காது என்பதுபோல்
அதை ஜெர்மனில் மெதுவாக வைத்தாள்.
நீதிபதி எழுதிக்கொண்டார்.

நான் சொன்னது அதுவல்ல.
பதினோரு வருடம்,
நான் விழுந்த ஒவ்வொரு முறையும்,
பிடிக்கவில்லை.
அவன். என்னை.

ஷிஃப்ட் முடிகையில் ரெகுலாவிடம் சொன்னேன்.
எஸ் இஷ் ஹால்ட் எஸோ, என்றாள்.
அது அப்படித்தான், என்ன செய்ய.
வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன்.
அந்த ஹால்ட்டுக்கு வேறு வேராம்.
ஒலி ஒன்று, உறவில்லை.
தோளைக் குலுக்கிவிட்டுப் போகிற சொல்லுக்கு
எந்தக் கையும் கிடையாது.

மறுநாளும் வாளி, துணி, பதினாலாம் நம்பர்.
விடியுமுன்னே முதல் ட்ராம் கிளம்பிவிடும்.
திருப்பத்தில் யாராவது தடுமாறுவார்கள்.
ஈரமில்லாமல் துடைக்கிறேன்,
கை வழுக்கக் கூடாது.