ஏழு கேள்விக்குறிகள்

ஒட்டுசுட்டானைத் தாண்டி
முத்தையன்கட்டுக்குத் திரும்பும் வீதியில்
பால் சேகரிக்கும் நிலையம். அதன் பின்னறையில் நான்,
வவுனியாவில் இரண்டாம் கையாக வாங்கிய மடிக்கணினி,
கறுப்பு ரேப் சுற்றிய சார்ஜர் வயர்.

நூற்று அறுபத்து மூன்று பேர் இங்கே பால் ஊற்றுகிறார்கள்.
போன கிழமை ஒரு கட்டம் மாறி அடித்ததில்
குலவீரசிங்கத்தாருக்கு நானூற்று இருபது ரூபாய் குறைந்துபோனது.
அவர் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருக்கலாம்.
வெறுங் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு
பேசாமல் போனார்.

அதனால்தான் பைத்தன்.
அதனால்தான் பண்டாஸ் என்றொரு பொதி:
பேர் கரடிக்குட்டிக்கு வைத்தது மாதிரி,
வேலை என்னவோ அட்டவணை வாசிப்பது.
ஒரு வரி அடித்தால் வந்துவிடும் என்று
காணொளியில் ஒரு பொடியன் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

ஒரு வரி அடித்தேன்.

பிப் என்றால் என்னவென்று தனக்குத் தெரியாது என்றது.
எனக்கும் தெரியாது.
அந்த ஒரு விசயத்தில் நாங்கள் ஒற்றுமை.

எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினேன்.
பாதையில் சேர்க்கவா என்று கேட்ட சின்னப் பெட்டிக்கு
முதல்தரம் நான் சரி போடவில்லை. அது என் பிழை.
இப்போது பிப்பைத் தெரிந்தது;
பொதியைத்தான் தெரியவில்லை.

பிழைகளை எழுத ஒரு நீலக் கொப்பி வைத்திருக்கிறேன்.
‘காணவில்லை’ என்று எழுதினேன்.
வெட்டினேன்.
‘கிடைக்கேல்லை’ என்று பக்கத்தில் எழுதினேன்.
எங்கட பக்கத்தில் மற்றச் சொல்லுக்கு
ஏற்கெனவே வேலை இருக்கு.

என்னுடைய பைத்தன் மிகப் புதிது,
பொதி இன்னும் அந்த அளவுக்குத் தைக்கப்படவில்லையாம்.
பழையதை இறக்கப் போனைத் தண்ணீர்த் தாங்கியில் ஏற்றி வைத்தேன்,
அங்கேதான் இரண்டு கோடு வரும்.
பாதியில் நின்றது. ரீலோட் போட்டேன்.
காட்டுக்கரையில் யாரோ யானைவெடி கொளுத்தினார்கள்.
கரண்ட் ஒருமுறை கண்ணடித்துவிட்டு நின்றுகொண்டது.
மச்சான் கஜரூபன் போனில்,
“ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ அக்கா.”
அவனுக்கு வயிற்றுவலிக்கும் அதே மருந்துதான்.

பிறகு சிவப்பு.
திரை நிறையச் சிவப்பு எழுத்து, மேலே ஓடி ஓடி.
பயந்து மூடினேன். திறந்தேன்.
கீழிருந்து மேலே, ஒவ்வொரு வரியாக,
பால் கணக்குப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன்.

சீ டிரைவ், பாவனையாளர்கள், அதற்குள்ளே
என் பேர் இருக்கவேண்டிய இடத்தில்
???????

வாங்கிய அன்று ஆசையாய்த் தமிழில் அடித்த பேர்.
வதனரூபி. ஐந்தெழுத்து.
ஏன் ஏழு?
இரவு பத்தரைக்கு விரல்விட்டு எண்ணினேன்.
ரூவின் சுழிக்கு ஒன்று, பியின் விசிறிக்கு ஒன்று.
என்னைக் கழற்றி
உதிரிப்பாகமாய் எண்ணியிருக்கிறது.
அந்தப் பேரில் வீடு எதுவும் இல்லை என்று
கதவுக்கு வெளியே பொதியோடு நின்றிருக்கிறது.

புதிய கணக்குத் திறக்கவேண்டும், ஆங்கில எழுத்தில்.
எந்த ஆங்கிலம்?
அடையாள அட்டையில் நான் வியில் தொடங்குகிறேன்,
வங்கிப் புத்தகத்தில் டபிள்யூவில்.
வீட்டுத்திட்டப் பட்டியலில் கடைசி எழுத்து விழுந்து
வதனரூப், யாரோ ஓர் ஆம்பிளை.
எதையும் போடவில்லை.
பி, ஏ, ஏ, எல்.
பால்.

மூன்று நிமிடம் ஒரு கோடு ஊர்ந்தது.
வந்தது,
நான் கூப்பிடாத நாலைந்து பேரையும்
கலியாண வீட்டுக்குப் போலக் கூட்டிக்கொண்டு.

உடனே பால் கணக்கு பார்த்தேன் என்றால் பொய்.
என் பேரைத் தமிழில் எழுதி,
இதில் எத்தனை என்று கேட்டேன்.
பேரை முழுசாய்க் காட்டியது, சுழியோடு, விசிறியோடு.
எண்ணிக்கை மட்டும்
ஏழு.

சரி, அது அப்படியே எண்ணட்டும்.
விடிய ஐந்தரைக்கு முதல் கான் வரும்.
குலவீரசிங்கத்தாரின் வரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.